ஊறல் நீருக்கும் உமிப் புகைக்கும் ஒரே குளம்: புதுவயல் வட்டார அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

புதுவயலிலும் அதைச் சூழ்ந்த சாக்கோட்டை, காரைக்குடிப் பகுதிகளிலும் புழுங்கல் அரிசி ஆலைகளை நடத்திவரும் உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். நெல்லை ஊறவைத்து வடித்த நீரும், கொதிகலனில் உமியை எரித்த புகையும் உங்கள் ஆலைகளிலிருந்து நாள்தோறும் வெளியேறுகின்றன. இவ்விரண்டையும் ஒரே குளத்தில் கொண்டுவந்து சேர்த்து, அங்கே நுண்பாசியை வளர்த்து, அதன் வழியாக நீரைத் தூய்மைப்படுத்த முடியும். இதைச் சில ஆலைகள் கூட்டாக முயன்று, ஒரு முழு ஆண்டு முறையாக அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கரியமில வாயுவை உறிஞ்சும் திட்டம், கார்பன் வரவு (காற்றில் சேராமல் தடுத்த கரியமில வாயுவுக்கு ஈடாக விற்கக்கூடிய சான்று) கிடைக்கும் திட்டம் என்ற பெயரில் யாரேனும் இதை உங்களிடம் விற்க வந்தால், அந்தப் பேச்சுக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீருக்காக இறங்குங்கள். காரணத்தைக் கணக்குடன் கீழே விளக்குகிறேன்.

ஊறல் நீரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஒரு டன் நெல்லுக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீர் வேண்டியிருக்கிறது. ஊறும்போது உமியிலிருந்தும் தவிட்டிலிருந்தும் சர்க்கரைப் பொருள்களும் புரதமும் பாஸ்பரஸும் நீரில் இறங்கிவிடுகின்றன. மஞ்சள் பழுப்பு நிறத்தில் வெளிவரும் அந்த நீர் ஒரு நாள் தேங்கினாலே புளித்து நாற்றமெடுக்கிறது. அதன் உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் குறித்து ஆய்வுக்கூடச் சீட்டில் பி.ஓ.டி. என்று வரும் அளவு, லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரமோ, நீர்நிலையில் விடுவதற்கு 30 மில்லிகிராம், பாசன நிலத்தில் விடுவதற்கு 100 மில்லிகிராம் என்றே வரம்பு வைத்திருக்கிறது.

செட்டிநாட்டில் இந்த வரம்பு வெறும் சட்டச் சொல்லாக நின்றுவிடக் கூடாது. இது வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு இங்கே இல்லை. ஆகவேதான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, கூரையில் விழுந்த மழையையும் பொட்டலில் ஓடிய மழையையும் வரத்துக்கால் வழியே அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மழைநீரைக் கொண்டுவரும் கால்வாய் கழிவுநீரையும் வேறுபாடு பார்க்காமல் கொண்டுவந்துவிடும். அப்படி வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஊருணியில் பச்சைப் படலமாக எழுகின்றன. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பசும்பாசிகள் பெருகினால் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு நீரில் கலக்கும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. இரவில் பாசி முழுவதும் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. இதே பாசியை, ஊருணிக்குள் போவதற்கு முன்பே, நாம் வகுத்த ஆழமற்ற குளத்தில் நம் கட்டுப்பாட்டில் வளர்த்து, வளர்ந்ததை வாரி எடுத்துவிட்டால், ஊருணியைக் கெடுக்கும் சத்துகள் பாசியோடு சேர்ந்து வெளியேறிவிடும். இம்முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த யோசனையும் அன்று. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்னும் பொறியாளர் 1950-களில் இதை அறிவியல் முறையாக வகுத்தார். கழிவில் உள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன. பாசி அந்த வாயுவை வெயிலின் துணையோடு உட்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜனே பாக்டீரியாக்களுக்கு மூச்சாகிறது. மின்மோட்டார் வைத்துக் காற்றடிக்க வேண்டிய வேலையைப் பாசி செய்துவிடுகிறது. ஓட்டப்பந்தயத் தடம் போல வளைந்து செல்லும், ஓரடி ஆழமே உள்ள வாய்க்காலில் ஒரு துடுப்புச் சக்கரம் நீரை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். பொறியாளர்கள் இதை உயர்வீதப் பாசிக்குளம் என்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குப் பழக்கம் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில் இருந்துதான் அத்துறையை வளர்த்தார். பள்ளத்தூரை வேராகக் கொண்ட முருகப்பா குடும்பத்தின் பெயர் தாங்கிய சென்னை ஆராய்ச்சி மையம், சி.வி. சேஷாத்திரியின் தலைமையில் ஸ்பைருலினா என்னும் உணவுப் பாசியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊனையூரில் இன்றும் துடுப்புச் சக்கரம் சுழலும் பாசிக்குளங்கள் வணிக அளவில் இயங்குகின்றன. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1991 முதல் கடல்சார் நீலப்பசும்பாசிகளுக்கான தேசிய மையத்தைப் பேணிவருகிறது. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருளை எடுக்கும் ஆலையொன்று, 2006 முதல் தன் அமிலக் கழிவுநீரை நுண்பாசி கொண்டே கையாளத் தொடங்கியது. உங்கள் தொழிலுக்கே நெருங்கிய சான்று வேண்டுமென்றால், தென் பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தைச் சொல்லலாம். அங்கும் புழுங்கல் அரிசி ஆலைகள் உண்டு. அவற்றின் கழிவுநீரில் அபனோதீகே என்னும் நீலப்பசும்பாசியை வளர்த்து அங்குள்ள ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நாளொன்றுக்கு 50 டன் நெல் அவிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஊறல் நீர் 50,000 லிட்டர். குளத்தின் ஆழம் 30 சென்டிமீட்டர் என்றும், நீர் அதில் எட்டு நாள் தங்க வேண்டும் என்றும் வைத்தால், குளத்தின் பரப்பு 1,333 சதுர மீட்டர், அதாவது சுமார் 33 சென்ட் வரும். நம் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 15 கிராம் உலர்பாசி விளையும் என்பது மிகைப்படாத மதிப்பீடு. அதன்படி அந்தக் குளம் நாள்தோறும் 20 கிலோ பாசி தரும். உலர்ந்த பாசியில் பாதிக்கு நெருக்கமாகக் கார்பனே இருப்பதால், ஒரு கிலோ பாசி விளைய ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு செலவாகிறது. ஆக, குளம் நாளொன்றுக்குப் பிடிப்பது 36 கிலோ.

இப்போது உங்கள் புகைபோக்கியைப் பாருங்கள். 50 டன் நெல்லில் சுமார் 10 டன் உமி கிடைக்கிறது. அதில் பாதியை மட்டும் கொதிகலனில் எரித்தால்கூட, கிலோவுக்கு 1.4 கிலோ வீதம் 7,000 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த 7,000-இல் 36 என்பது அரை விழுக்காடு. முழுப் புகையையும் பாசிக்குக் கொடுக்க வேண்டுமானால் ஒரே ஆலைக்கு 64 ஏக்கர் குளம் வெட்ட வேண்டியிருக்கும். அதோடு, உமியில் உள்ள கார்பன் சென்ற பருவத்தில் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கார்பனே. அது நிலக்கரிப் புகை போலப் புதிதாகக் காற்றில் சேரும் சுமை ஆகாது. இந்த இரண்டு உண்மைகளையும் மறைத்துவிட்டு, பாசிக்குளத்தால் உங்கள் ஆலை கார்பன் இல்லாத ஆலையாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவரிடம் காகிதத்தையும் பேனாவையும் கொடுத்துப் பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

அப்படியானால் புகையைக் குளத்துக்குக் கொண்டுவருவதில் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் நீரில் இருக்கிறது. நண்பகலில் பாசி வேகமாக வளரும்போது நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு தீர்ந்துபோய், நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அதைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டினால் நைட்ரஜன் அமோனியாவாகக் காற்றில் பறந்து நாற்றம் தருவதோடு, கரைந்து நிற்கும் அமோனியா பாசியையே நச்சுப்படுத்துகிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்த வேளையில் சிறிதளவு புகையைச் செலுத்தி பி.எச். அளவை 8-க்கு அருகில் நிறுத்தினால், பாசி தொடர்ந்து வளர்ந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். உமியில் கந்தகம் குறைவு என்பதால் நிலக்கரிப் புகையைவிட உமிப் புகை இதற்குத் தகுந்தது. ஆனால் சாம்பலைச் சைக்ளோன் என்னும் சுழற்காற்றுப் பிரிப்பானிலும் நீர்த்தெளிப்பிலும் நீக்கி, புகையைக் குளிரவைத்த பிறகே அதைக் குளத்தருகே கொண்டுவர வேண்டும். ஓரடி நீரில் குழாயை வைத்து ஊதினால் வாயுவில் பெரும்பகுதி குமிழியாக மேலே வந்து வீணாகும். வாய்க்காலின் குறுக்கே ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு குழி அமைத்து, கீழிறங்கும் நீருக்கு எதிராகக் குமிழி மேலேறும்படி செய்ய வேண்டும். இரவில் வால்வை மூடிவிட வேண்டும், ஏனெனில் வெயில் இல்லாத பாசிக்குக் கரியமில வாயு தேவையில்லை.

காலநிலைக்கான உண்மையான நன்மை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஊறல் நீர் திறந்த குட்டையில் தேங்கி அழுகும்போது மீத்தேன் வெளிவருகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேற்சொன்ன 50,000 லிட்டரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் பி.ஓ.டி. இருந்தால் மொத்தம் 75 கிலோ. காற்று சிறிதும் படாமல் முழுவதும் அழுகினால் கிலோவுக்கு 0.6 கிலோ வரை மீத்தேன் உண்டாகும். குட்டை ஆழமற்றது என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் என்று குறைத்து எடுத்தால்கூட, நாளொன்றுக்கு 9 கிலோ மீத்தேன், அதாவது 250 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சுமை. பாசி பிடிக்கும் 36 கிலோவைப் போல இது ஏழு மடங்கு. அழுகும் குட்டையை மூடுவதே முதல் காரியம் என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

இதே எண்கள் இன்னொரு பாடத்தையும் சொல்கின்றன. ஒரு கிலோ பாசி விளையும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோ ஆக்சிஜன் வெளிவரும். நம் 33 சென்ட் குளம் தருவது 30 கிலோ. ஊறல் நீரின் தேவையோ 75 கிலோ. ஆகவே ஊறல் நீரை நேரே பாசிக்குளத்தில் திறந்துவிட்டால், புளிப்பும் பழுப்பு நிறமும் ஒருபுறம் தாக்க, ஆக்சிஜன் பற்றாக்குறை மறுபுறம் தாக்க, குளம் சில நாளில் கறுத்து நாறிவிடும். அதனால் முதலில் மூடிய சாண எரிவாயுக் கலன் போன்ற காற்றில்லாத் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அது கழிவின் சுமையில் 60 முதல் 80 விழுக்காட்டைக் குறைத்து, அதிலிருந்து வரும் மீத்தேனை உங்கள் கொதிகலனுக்கே எரிபொருளாகத் தரும். எஞ்சிய 15 முதல் 30 கிலோவைப் பாசி தாங்கும். காற்றில்லாத் தொட்டியால் நீக்க முடியாத அமோனியாவும் பாஸ்பேட்டும் பாசிக்கு உணவாகும். இந்த வரிசையை மாற்றினால் திட்டம் தோற்கும். முழுவதையும் மின்மோட்டாரால் காற்றடித்துச் செய்ய நினைத்தால் நாளொன்றுக்கு 75 யூனிட்டாவது செலவாகும் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தொழில்நுட்பத்தின் மிகக் கடினமான பகுதி அறுவடை. பாசிச் செல்லின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரம் லிட்டர் குளத்து நீரில் அரை கிலோ பாசிதான் இருக்கும். செல்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, படியாமல் மிதந்தபடியே நிற்கும். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை பாசியிலிருந்து எரிபொருள் எடுக்கும் பெரும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்தி, செலவு கட்டுப்படியாகாது என்று கண்டு நிறுத்தியது. மலிவாக அறுவடை செய்ய முடியாமை அதன் முக்கியமான இடர்களில் ஒன்று. வாரி எடுக்கப்படாத பாசி இறந்து அழுகி, உட்கொண்ட கார்பனையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மீண்டும் நீருக்கும் காற்றுக்கும் கொடுத்துவிடும். எனவே, குளம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதை வைத்து வெற்றியைக் கணக்கிடவே கூடாது. தராசில் ஏறிய உலர்பாசியின் எடையும், வெளியேறும் நீரின் ஆய்வுச் சீட்டும் மட்டுமே கணக்கு.

இந்த இடத்தில்தான் காரைக்குடிக்கு வேறெந்த ஊருக்கும் கிடைக்காத வாய்ப்பு இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஆலைகளிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது. அலுமினியம் அல்லது இரும்புத் தகடுகளை நீரில் நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், கரைந்துவரும் உலோக அயனிகள் பாசியின் எதிர்மின்னூட்டத்தைத் தணித்துத் திரளச் செய்யும். எதிர்த்தகட்டில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் திரளை மேலே தூக்கிவரும். இது முழுக்க முழுக்க மின்வேதியியல். எத்தனை யூனிட் மின்சாரத்தில் ஒரு கிலோ பாசியைத் திரட்டலாம், எந்தத் தகடு எத்தனை நாள் உழைக்கும், பாசியில் எவ்வளவு அலுமினியம் ஒட்டிக்கொள்ளும் என்ற கேள்விகளுக்கு விடை காண இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் அரிது. உயிரியல் பக்கத்துக்கு அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்களை அணுக வேண்டியவர்கள் நீங்களே. ஆராய்ச்சியாளர்கள் தொழிலைத் தேடி வருவதைவிட, தொழில் தன் சிக்கலோடு அவர்கள் வாசலுக்குச் செல்வதே பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடர்களையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் ஓரடி நீர் 35 பாகையைத் தாண்டிச் சூடேறும். அப்போது பல பசும்பாசி இனங்கள் தளர்ந்துபோகும். நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாதல் என்று கொண்டால், நம் குளத்திலிருந்து 9,000 லிட்டருக்கு மேல் வானத்துக்குப் போய்விடும். எஞ்சிய நீரில் உப்பு கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் மங்கி, மழை குளத்தைக் கலக்கும். பாசியை மேயும் நுண்ணிய விலங்குகளான ரோட்டிஃபர்களும் டாஃப்னியாவும் பெருகினால் சில நாட்களிலேயே குளத்தை வெறுமையாக்கிவிடும். ஆனால் சம்பா நெல் தை, மாசியில் அறுவடையாகி ஆலைகளுக்கு மிகுதியாக வரும்போது வெயிலும் தெளிவாக இருப்பது நமக்குச் சாதகம். செம்மண்ணும் சரளையும் நீரை எளிதில் உள்ளே விட்டுவிடும் என்பதால், குளத்துக்குக் கனமான விரிப்பு இல்லாமல் ஒரு சொட்டு நீரும் விடக் கூடாது. சம்பை ஊற்றைப் பெருமையோடு குடிநீராகக் கொண்ட காரைக்குடி வட்டாரத்தில் நிலத்தடியில் நைட்ரேட் இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. அதிசய விதைப்பாசி என்று புட்டியில் விற்பதை வாங்க வேண்டிய தேவையும் இல்லை. குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்றவை நம் குட்டைகளில் தாமாகவே இருக்கின்றன. இந்த வெயிலுக்கும் இந்த நீருக்கும் பழகிய அவையே நிலைத்து நிற்கும்.

விளைந்த பாசியை என்ன செய்வது? ஊனையூரில் விளைவது தூய நீரில் வளர்த்த உணவுப் பாசி. கழிவுநீரில் வளர்ந்ததை மனிதரும் உண்ணக் கூடாது, மாட்டுக்கும் மீனுக்கும் முழு ஆய்வின்றிக் கொடுக்கக் கூடாது. உங்கள் உலர்களத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் காயவைத்து, வயலுக்கு எருவாகக் கொடுக்கலாம், அல்லது காற்றில்லாத் தொட்டிக்கே திருப்பிவிட்டு எரிவாயு எடுக்கலாம். எருவாகப் போனால் பிடித்த கார்பனில் பெரும்பகுதி மெல்ல மீண்டும் காற்றுக்குத் திரும்பும் என்பதால், அதை நிரந்தரச் சேமிப்பு என்று யாரிடமும் விற்பது நேர்மையாகாது. உங்களிடம் நெல் விற்ற உழவரின் வயலுக்கே நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரும்பிச் செல்வது மதிப்புள்ள காரியம். அந்த மதிப்பை மட்டும் சொன்னால் போதும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மூன்று, நான்கு ஆலைகள் சேர்ந்து ஒரு பொது இடத்தில் மூடிய காற்றில்லாத் தொட்டி ஒன்றும், சோதனைக்காக ஊறல் நீரில் ஒரு பகுதியை மட்டும் கையாளும், விரிப்பிட்ட பத்து சென்ட் பாசிக்குளம் ஒன்றும் அமையுங்கள். புகையை ஒரே ஒரு கொதிகலனிலிருந்து எடுத்தால் போதும். குளத்தின் ஒரு பாதிக்குப் புகை கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் விட்டால், புகையால் உண்மையில் எவ்வளவு பயன் என்பது ஐயமின்றித் தெரியும். உள்ளே வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் பி.ஓ.டி., அமோனியா, பாஸ்பேட் ஆகியவற்றை வாரந்தோறும் அளந்து, செலவான மின்சாரத்தையும் வாரி எடுத்த பாசியின் எடையையும் அதே ஏட்டில் எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை முன்கூட்டியே பெறுங்கள். வெளியேறும் நீர் தரத்தை எட்டும்வரை அதை எந்த வரத்துக்காலிலும் விடாமல், உங்கள் வளாகத்திலேயே தேக்கி வையுங்கள். மழைக்காலம் உட்பட ஓராண்டு முழுவதும் எடுத்த அளவுகளை, நல்லதும் கெட்டதுமாக, அப்படியே ஊரார் பார்வைக்கு வையுங்கள்.

தை மாதத்துச் சம்பா வரத்துக்கு முன்பே காற்றில்லாத் தொட்டி பழகியிருக்க வேண்டும். அதில் நுண்ணுயிர்கள் நிலைகொள்ள இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும் என்பதால், புரட்டாசிக்குள் கட்டுமானத்தை முடிப்பது நல்லது. குளத்தின் வரைபடத்தைத் தயாரிப்பதிலும் வாராந்திர அளவீட்டு ஏட்டைப் பேணுவதிலும் ஊதியமின்றி உழைக்க நான் அணியமாக இருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தால் கணக்குகளோடு நேரில் வந்து, உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் விடை சொல்கிறேன்.

மிக்க அன்புடனும் மதிப்புடனும்,
இவ்வட்டாரத்தைச் சேர்ந்த கழிவுநீர்ப் பொறியாளர் ஒருவர்